சீர் ஆடுகளுக்கு ராசா வைத்த விருந்து

முன்னொரு காலத்தில், எந்தச் சீமை என்று கேட்டால் யாருக்கும் கைகாட்டத் தெரியாத ஒரு சீமையில், கௌரவத்துக்காக உயிரையும் கொடுக்கிற ராசா ஒருவர் இருந்தார். பெரும்பாலும் அடுத்தவர் உயிரை.

இந்தக் கதையைச் சொன்னவர் என் வீட்டுக்காரர். முப்பத்திரண்டு வருடம் கால்நடை மருந்தகத்தில் கம்பவுண்டராக இருந்தவர். ஆடு வரும் இடங்களை எப்போதும் ஒரே மாதிரி சொல்வார். ராசா வரும் இடங்களைத்தான் ஒவ்வொரு முறையும் மாற்றிவிடுவார். எது சரி என்று இனிக் கேட்டுக்கொள்ள முடியாது. எனக்கு நினைவிருக்கிறபடி எழுதுகிறேன்.

அந்த ராசாவின் மகளை வடக்கே ஒரு ராசா வீட்டில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். சம்பந்தி வீட்டார் சீராக இருபது பெட்டை ஆடுகளும் ஒரு கிடாவும் அனுப்பினார்கள். செம்மறி. பால் நிறத்தில் ரோமம், முகம் மட்டும் கறுப்பு. அவற்றைப் பார்த்துக்கொள்ள இருளப்பன் என்ற கோனாரை அரண்மனைக் கிடையில் வைத்திருந்தார்கள். அதிகம் பேசாத மனிதன். ஆட்டைப் பற்றிக் கேட்டால் மட்டும் பேசுவான்.

ஒரு நாள் காலை ராசா உலாவப் போனவர் கிடைப்பக்கம் வந்துவிட்டார். கல்தொட்டியில் ஆடுகள் வரிசையாகத் தலையைக் கவிழ்த்துத் தின்றுகொண்டிருந்தன. உள்ளே என்ன என்று எட்டிப் பார்த்தார். தவிடு, உளுந்துப் பொட்டு, ஒரு ஓரத்தில் ஊறவைத்த எள்ளுப் பிண்ணாக்கு. பக்கத்தில் ஒரு கட்டு வைக்கோல். ராசாவுக்கு முகம் சிவந்துவிட்டது. அரிசியை எடுத்துக்கொண்டு தூற்றிப் போட்டது தவிடு, பருப்பை எடுத்துக்கொண்டு ஒதுக்கியது பொட்டு, எண்ணெயை எடுத்துக்கொண்டு வழித்துப் போட்டது பிண்ணாக்கு, சம்பந்தி தந்த சீருக்கு ஊர் கழித்துப் போட்டதையா போடுகிறாய் என்று இருளப்பனைப் பிடித்துக்கொண்டார். ஆடு தின்பது இதுதான் சாமி என்று இருளப்பன் சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை.

அன்றைக்கே ஓலை எழுதப்பட்டது. "எந்த நெல், எந்த உளுந்து, எந்த எள் நம் அடுக்களைக்கு வருகிறதோ அதுவே நம் சீர் ஆடுகளின் வாய்க்கும் போக வேண்டும். வேறொன்றும் போகலாகாது. மீறியவன் தலை தங்காது." கீழே முத்திரை.

அந்த முத்திரையைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். முத்திரை விழுந்த ஓலையை ராசாவே நினைத்தாலும் திரும்பப் பெற முடியாது. பாட்டனார் காலத்து வழக்கம். அந்தப் பாட்டனார் ஒரு முறை போருக்கு ஓலை எழுதி முத்திரை வைத்த மறுநாள் எதிரி வந்து காலில் விழுந்துவிட்டான். ஓலையைத் திருப்ப வழியில்லை. இரண்டு படையும் குறித்த நாளில் குறித்த இடத்தில் வந்து நின்று, பொழுது சாயும்வரை வெறுமனே கூச்சல் போட்டுவிட்டு, ஒருவரிடம் ஒருவர் சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போனார்களாம்.

ஓலையை நிறைவேற்றுகிற வேலை உக்கிராணத் தலைவர் தாண்டவராயரிடம் வந்தது. அரண்மனைத் தானியமெல்லாம் அவர் சாவியில் இருந்தது. வேலையில் கெட்டிக்காரர். ஆனால் சபையில் ஒருவனைக் கண்டால் அவருக்கு ஆகாது. அந்த ஒருவன் விகடன் பூவனாதன். ராசா எந்த முடிவு எடுப்பதற்கு முன்னாலும் அவன் முகத்தை ஒரு தரம் பார்த்துவிட்டுத்தான் எடுப்பார். முப்பது வருடம் சாவியைச் சுமக்கிற தன் முகத்தைப் பார்க்காமல், வேடிக்கை பேசுகிறவன் முகத்தைப் பார்க்கிறாரே என்பது தாண்டவராயரின் மனக்குறை. ஓலை எழுதிய அன்று பூவனாதன் ஊரில் இல்லை. மைத்துனன் வீட்டுக் காதுகுத்துக்குப் போயிருந்தான்.

மறுநாள் கிடைக்குப் பெரிய பெரிய அண்டாக்களில் பச்சரிசிச் சோறு வந்தது. நல்லெண்ணெய் விட்டுப் பிசைந்து, மேலே உளுந்து வடை உதிர்த்துப் போட்டிருந்தார்கள். ஆடுகளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஒன்றை ஒன்று முட்டித் தள்ளிவிட்டுத் தின்றன. ராசா மாடியில் நின்று பார்த்து, என் வீட்டு ஆடுகள் இப்போதுதான் என் வீட்டு ஆடுகள் மாதிரி இருக்கின்றன என்று ராணியிடம் சொன்னார்.

அதற்கு அடுத்த நாள் காலையில் நான்கு ஆடுகள் எழுந்திருக்கவில்லை. இடது வயிறு புடைத்திருந்தது. கையை வைத்து அசைத்தால் பானைத் தண்ணீர் மாதிரி உள்ளே தளும்பியது. கழிச்சல் தண்ணீராய்ப் போயிற்று, புளித்த நாற்றம். பல்லை நறநறவென்று கடித்தன. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு ஆடுகூட அசை போடவில்லை. இருபத்தோரு வாயும் சும்மா இருந்தன. இருளப்பன் அதைப் பார்த்துத்தான் பயந்தான். ஓடிப்போய்த் தாண்டவராயரிடம் சோற்றை நிறுத்தச் சொன்னான். அவர் ஓலையை எடுத்துக் காட்டினார். எழுத்து வாசிக்கத் தெரியாது சாமி, ஆட்டைப் பார்க்கத் தெரியும் என்றான் இருளப்பன். எனக்கு எழுத்து வாசிக்கத்தான் தெரியும் என்று சொல்லிவிட்டு அவர் அண்டாவை அனுப்பினார்.

மூன்று ஆடுகள் செத்தன. கிடா படுத்த படுக்கையாகிவிட்டது. இருளப்பன் பொறுக்கமாட்டாமல் வேலிக்குப் பின்னாலிருந்து ஒரு கட்டு வைக்கோலும் ஒரு கூடைப் பொட்டும் கொண்டுவந்து போட்டான். நிற்கத் தெம்புள்ள சில ஆடுகள் மெல்லத் தின்றன. அந்த நேரம் பார்த்துத் தாண்டவராயர் இரண்டு காவலர்களோடு வந்து நின்றார். கூடையோடு சேர்த்து அவனைப் பிடித்துச் சபைக்குக் கொண்டுபோனார்கள்.

சபையில் அன்று நடந்தது யாருக்கும் சரியாக விளங்கவில்லை. தாண்டவராயர் சொன்னது தெளிவாகத்தான் இருந்தது. இவன் ஓலையை மீறிக் குப்பையைப் போட்டான், ஆடுகள் செத்தன, ஆகையால் குப்பையால் செத்தன. ஆடுகள் முதலில் செத்தன, பிறகுதான் போட்டேன் என்று இருளப்பன் சொன்னான். அரண்மனை வைத்தியர், ஒரு ஆட்டின் முன்னங்காலைப் பிடித்து நாடி பார்த்ததாகவும், அது தமக்குப் பழக்கமில்லாத விதமாக ஓடுவதாகவும், பலவீனமாகத் தெரிவதால் இன்னும் கொஞ்சம் நெய்ச் சோறு கொடுக்கலாம் என்றும் சொன்னார். சம்பந்தி வீட்டிலிருந்து வரும்போதே நோயோடு வந்திருக்கலாம் என்றார் மந்திரி. அப்படிச் சொன்னால் போர் வரும் என்று சேனாபதி சொன்னதும், நான் அப்படிச் சொல்லவில்லை என்றார். தெற்குப் பார்த்த கிடை ஆகாது என்று ஒருவர் சொல்ல, அது வடக்குப் பார்த்துத்தானே இருக்கிறது என்று இன்னொருவர் சொல்ல, அப்படியானால் அதுதான் காரணம் என்றார் முதலில் சொன்னவர்.

ராசா நெற்றியைப் பிடித்துக்கொண்டார். அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை.

"கோனாரே, நன்றாகக் கேட்டுச் சொல்லும். நல்ல சோறு தின்றால் சாகும், கழித்துப் போட்டதைத் தின்றால் பிழைக்கும் என்கிறீர். நாம் பிறந்த நாள் முதல் அதே சோற்றைத்தானே உண்கிறோம். நாம் சாகவில்லையே."

அப்போதுதான் காதுகுத்து முடிந்து வந்த பூவனாதன் வாசலிலேயே நின்று இதைக் கேட்டுச் சிரித்துவிட்டான். சிரித்திருக்கக் கூடாது. தாண்டவராயர் அதைப் பிடித்துக்கொண்டார்.

விகடர் சிரிக்கிறார் என்றால் அவருக்கு வழி தெரிந்திருக்கிறது, அவரிடமே ஆடுகளை ஒப்படையுங்கள் என்று ராசாவிடம் சொன்னார். பத்தாம் நாள் சம்பந்தி ராசா விருந்துக்கு வருகிறார். அதற்குள் ஆடுகள் எழுந்து நிற்க வேண்டும், ஓலையும் மீறப்படக் கூடாது. கோனார் தலை அதுவரை தங்கட்டும், இனி ஆடு ஒன்று செத்தாலும் போகட்டும். ஓலை மீறினால் விகடர் தலையும் சேர்ந்து போகட்டும்.

ராசா வழக்கம்போலப் பூவனாதன் முகத்தைப் பார்த்தார். அதில் ஒன்றும் இல்லை. ஆனாலும் சபை முழுக்கக் காத்திருந்தது. சரி என்று சொல்லிவிட்டார்.

ஓலைப்படி போட்டால் ஆடு சாகும், கோனார் சாவான். ஓலையை மீறினால் இருவரும் சாவார்கள். கிடைக்குப் போகும் வழியெல்லாம் பூவனாதன் இதைத் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்தான். எப்படிச் சொன்னாலும் ஒரு தலையாவது போயிற்று.

அவனுக்கு ஆட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது. கிடையில் உட்கார்ந்து, படுத்துக் கிடந்த கிடாவைப் பார்த்து, இதற்கு என்னதான் வேண்டுமாம் என்று கேட்டான்.

"ஒண்ணும் வேண்டாம் அய்யா. முதல்ல இன்னைக்கும் நாளைக்கும் வயித்துக்கு ஒண்ணுமே போகக் கூடாது. உள்ள இருக்கிறதே நொதிச்சுப் பொங்கிக்கிட்டுக் கெடக்கு."

எப்படிப் பொங்கும் என்று கேட்டான் பூவனாதன். இருளப்பன் சொன்ன விளக்கத்தை என் வீட்டுக்காரர் மாற்றாமல் சொல்வார். ஆட்டுக்கு வயிறு நாலு அறை. முதல் அறை பெரிய தாழி. வைக்கோல், பொட்டு, தழை உள்ளே போனால் அது மெதுவாக ஊறும். ஊறியதை வாய்க்குக் கொண்டுவந்து அசை போடும். அசை போடப் போட எச்சில் உள்ளே இறங்கும், அந்த எச்சில்தான் தாழியைப் புளிக்காமல் வைத்திருக்கும். சோறு போனால் அசை போட அதில் நார் இல்லை. எச்சில் இறங்காது. வெயிலில் மறந்து வைத்த மாவு மாதிரி ஒரே நாளில் பொங்கிப் புளித்து, அந்தப் புளிப்பு ரத்தத்தில் ஏறிவிடும். வயிறு நிறையத் தின்று ஒரு ஆடு சாகுமா என்று மக்கள் நினைப்பார்கள், நிறைய ஆடு அப்படித்தான் சாகிறது, கல்யாண வீட்டு மிச்சச் சோற்றைத் தின்ற பக்கத்து வீட்டு ஆடெல்லாம் அப்படிப் போனதுதான் என்பார் அவர்.

பட்டினி போட வேண்டும் என்பதில் பூவனாதனுக்கு முதல் வெளிச்சம் தெரிந்தது. மறுநாள் ஏகாதசி. ராசாவின் அடுக்களையில் அடுப்பு மூட்டமாட்டார்கள். அடுக்களைக்கு நெல்லும் உளுந்தும் எள்ளும் வராத நாளில் ஆட்டின் வாய்க்கும் ஒன்றும் போகலாகாது, ஓலை அப்படித்தானே சொல்கிறது என்று அண்டாவோடு வந்த ஆளைத் திருப்பி அனுப்பினான். அதற்கு முந்தின நாள், தசமி மாலைச் சோறு வந்தபோதே, ராசா சாயங்காலம் என்ன உண்டார் என்று விசாரித்திருந்தான். விரதத்துக்கு முன்னிரவு பால் மட்டும் என்றார்கள். அந்த அண்டாவும் திரும்பிப் போயிற்று. தாண்டவராயர் ஓலையை மூன்று தரம் படித்துப் பார்த்துவிட்டுச் சுருட்டி வைத்தார்.

அந்த நேரத்தில் இருளப்பன் மூங்கில் குழாயில் நல்லெண்ணெய் ஊற்றி ஒவ்வொரு ஆட்டுக்கும் கொடுத்தான். எண்ணெய் அரண்மனை எள்ளில் எடுத்தது, அதனால் யாரும் கேட்கவில்லை. நடக்கிற ஆடுகளை மெல்ல நடத்தினான். நடக்காதவற்றின் வயிற்றைத் தேய்த்துவிட்டான். தண்ணீர் காட்டினான். ஓலையில் தண்ணீர் இல்லையே என்று பூவனாதன் ஒரு நிமிடம் கலங்கி, ராசாவும் தண்ணீர் குடிக்கிறார் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டான்.

துவாதசி விடிந்தது. இனி ஏதாவது போட்டாக வேண்டும். பூவனாதன் ஒரு மூட்டை நெல்லைத் தூக்கிவரச் சொல்லி, வெற்றி முகத்தோடு அவிழ்த்தான். ஓலையில் நெல் என்றுதான் இருக்கிறது, சோறு என்று எங்கே இருக்கிறது, அப்படியே போடு என்றான்.

இருளப்பன் தலையில் அடித்துக்கொண்டான். "அய்யா, வேட்டியைக் கட்டிக்கிட்டாலும் உள்ள இருக்கிறது அதே ஆளுதான. இந்த நெல்லுக்குள்ள இருக்கிறதும் அதே அரிசிதான். மறுபடி பொங்கும்."

பூவனாதன் மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டான். ஓலையை எழுதியவர் மேலும், எழுத்தைக் கண்டுபிடித்தவன் மேலும், காதுகுத்து வைத்த மைத்துனன் மேலும் கோபம் வந்தது. கொஞ்ச நேரம் கழித்து, இருளப்பா, உள்ளே இருக்கிறதுதான் தொந்தரவா என்று கேட்டான். ஆமாம் என்றான் இருளப்பன். அப்படியானால் உள்ளே இருக்கிறதை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்?

"தவிடு மிஞ்சும். அதைத்தான நான் முதல்லயே போட்டேன்."

"உளுந்தில்?"

"பொட்டு."

"எள்ளில்?"

"பிண்ணாக்கு. என்னய்யா, எனக்கே பரீட்சை வைக்கிறீக."

பூவனாதன் எழுந்து வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு நேராக உக்கிராணத்துக்குப் போனான். ராசாவின் அடுக்களைக்கு இன்று எந்த நெல் போகிறது என்று கேட்டான். காட்டினார்கள். அதே மூட்டையை அங்கேயே, காவலர் இருவரைச் சாட்சிக்கு நிறுத்தி, உரலில் போட்டுக் குத்தச் சொன்னான். அரிசி அடுக்களைக்குப் போயிற்று. உமியைத் தூற்றி ஒதுக்கினார்கள். அது ஆட்டின் தொண்டையைக் குத்தும், வேண்டாம் என்று இருளப்பன் சொல்லியிருந்தான். தவிடு கிடைக்கு வந்தது. அதே மாதிரி அடுக்களை உளுந்தை உடைத்துப் பருப்பு ராசாவுக்கு, பொட்டு ஆட்டுக்கு. அடுக்களை எள்ளைச் செக்கில் ஆட்டி எண்ணெய் ராசாவுக்கு, பிண்ணாக்கு ஆட்டுக்கு. அன்றிலிருந்தே அரண்மனைப் பண்ணையில் அறுக்கிற நெல்லையும் உளுந்தையும் அடிக்காமல் தாளோடும் கொடியோடும் கொண்டுவர ஏற்பாடு செய்தான். மணி உக்கிராணத்துக்கு, வைக்கோலும் உளுந்தங்கொடியும் கிடைக்கு.

இருளப்பன் அதிலும் அவன் இஷ்டத்துக்கு விடவில்லை. முதல் இரண்டு நாள் வைக்கோலும் கொடியும் மட்டும். பிறகு பொட்டு. தவிடு அதற்கப்புறம், அதுவும் கொஞ்சமாக. பிண்ணாக்கு ஒரு ஆட்டுக்கு ஒரு கைப்பிடிக்கு மேல் கிடையாது. கழித்துப் போட்டதாக இருந்தாலும் அளவு தப்பினால் அதுவும் கொல்லும் என்றான். பூவனாதனுக்கு மறுபடியும் குழப்பம். நல்லது கெடுதல், கெட்டது நல்லது என்று இப்போதுதான் ஒரு மாதிரி மனசில் பதிய வைத்திருந்தான். கெட்டதிலும் நல்லது கெட்டது உண்டென்றால் ஒரு மனிதன் எதைத்தான் நம்புவது என்று கேட்டான். ஆட்டு வாயைப் பாருங்க, அது அசைஞ்சா நம்புங்க என்றான் இருளப்பன்.

நான்காம் நாள் மத்தியானம் ஒரு கிழட்டுப் பெட்டை நிழலில் படுத்திருந்தது. தொண்டையில் ஒரு உருண்டை கீழிருந்து மேலே ஏறுவது தெரிந்தது. தாடை ஒரு பக்கமாக அசைந்தது. நின்றது. மறுபடி அசைந்தது. இருளப்பன் அதன் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அசைவுகளை எண்ணினான். ஐம்பதைத் தாண்டியதும் எண்ணுவதை விட்டுவிட்டுத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டான். பூவனாதன் அந்தப் பக்கம் பார்க்காத மாதிரி கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தான்.

ஏழாம் நாள் கிடாவும் எழுந்து நின்றது. எழுந்ததும் முதல் வேலையாகப் பூவனாதனைப் பின்னாலிருந்து முட்டியது.

எல்லாம் தாண்டவராயர் காதுக்குப் போய்க்கொண்டிருந்தது. எட்டாம் நாள் மாலை உக்கிராணத்திலிருந்து வழக்கமான பிண்ணாக்கு வரவில்லை. அதற்குப் பதில் வாய் தைத்த ஒரு சாக்கு வந்தது. அரண்மனைப் பிண்ணாக்கு, இன்றே போடவும் என்று அடையாளச் சீட்டும் கட்டியிருந்தது. இருளப்பன் சாக்கின் மேல் மூக்கை வைத்தான். பக்கவாட்டில் விரலால் குத்தி ஒரு துணுக்கை எடுத்துப் பார்த்தான். உள்ளே பச்சையும் வெள்ளையுமாய்ப் பூசணம் பூத்திருந்தது. மழையில் நனைந்து மூலையில் கிடந்த பழைய சரக்கு.

இதைத் தின்றால் என்ன ஆகும் என்று பூவனாதன் கேட்டான்.

"ஈரல் கெட்டுப் போகும். கண்ணு மஞ்சளாகும். சினையா இருக்கிற ஆறு ஆட்டுக்கும் குட்டி விழுந்துரும். உடனே சாகாதுய்யா. சம்பந்தி ராசா முன்னாடி நின்னு சாகும்."

பூவனாதன் சாக்கைப் பிரிக்காமல் தொட்டிக்குப் பக்கத்தில் நிறுத்தி வைக்கச் சொன்னான். அன்று ஆடுகளுக்குப் பிண்ணாக்கு இல்லை, கொடியும் பொட்டும்தான்.

ஒன்பதாம் நாள் காலை தாண்டவராயர் ராசாவையே கிடைக்கு அழைத்துவந்துவிட்டார். பின்னால் பாதிச் சபை. தொட்டியைப் பாருங்கள் மகாராஜா என்றார். ராசா பார்த்தார். தவிடு, உளுந்துப் பொட்டு, பக்கத்தில் வைக்கோல், ஒரு சாக்குப் பிண்ணாக்கு. முதல் நாள் பார்த்த அதே தொட்டி. பூவனாதா, உன் தலையை நீயே கொடுத்துவிட்டாயே என்று வருத்தத்தோடு சொன்னார்.

பூவனாதன் காவலர் இருவரையும் சாட்சி சொல்லச் சொன்னான். அவர்கள் கண்டதைச் சொன்னார்கள். அதே நெல், அதே உளுந்து, அதே எள்.

"மகாராஜா, எந்த நெல் தங்கள் அடுக்களைக்கு வந்ததோ அதே நெல்தான் இந்தத் தொட்டிக்கும் வந்தது. கோனார் அன்று போட்ட வைக்கோலும் பொட்டும்கூட அதில் கழித்ததுதான். தாங்கள் ஒரு பக்கத்திலிருந்து உண்கிறீர்கள். ஆடுகள் மறுபக்கத்திலிருந்து உண்கின்றன. ஓலையில் பக்கம் எதுவும் குறிப்பிடவில்லை."

ராசா ஓலையைக் கொண்டுவரச் சொல்லிப் படித்தார். மந்திரி படித்தார். எட்டிப் பார்த்து வைத்தியரும் படித்தார். பக்கம் குறிப்பிடவில்லைதான். பதினெட்டு ஆடுகளும் எதிரே நின்று அசை போட்டுக்கொண்டு அவர்களையே பார்த்தன.

நெல்லும் உளுந்தும் இருக்கட்டும், பிண்ணாக்கை என்ன சொல்வீர் என்றார் தாண்டவராயர். அவர் எதிர்பார்த்தபடி ஆடுகளின் கண் மஞ்சளாகியிருக்கவில்லை. அந்தக் குழப்பத்தில் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டார்.

"அதைத் தாங்கள்தான் சொல்ல வேண்டும்," என்றான் பூவனாதன். "தாங்கள் அனுப்பிய சாக்கு. தாங்கள் கட்டிய சீட்டு. இது மகாராஜாவின் அடுக்களைக்கு வந்த எள்ளில் எடுத்த பிண்ணாக்குதானே?"

தாண்டவராயர் ஆம் என்று சொல்ல வாயெடுத்தார். அதற்குள் இருளப்பன் சாக்கின் வாயைப் பிரித்துவிட்டான். பூசண நெடி குப்பென்று வந்தது. ராசா அங்கவஸ்திரத்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு, நான் உண்ணும் எண்ணெய் இந்த எள்ளில் எடுத்ததா என்று கேட்டார்.

ஆம் என்றால் ராசாவுக்கு அழுகல் எள்ளில் எண்ணெய் கொடுத்தவர் ஆவார். இல்லை என்றால் அடுக்களைக்கு வராத எள்ளை ஆட்டுக்கு அனுப்பி ஓலையை மீறியவர் ஆவார். தாண்டவராயர் இரண்டையும் எடுத்து எடுத்து வைத்துப் பார்த்தார். எட்டு நாளுக்கு முன் பூவனாதன் இதே மாதிரி கணக்குப் போட்டுக்கொண்டு நடந்த அதே மண்தரையைப் பார்த்தபடி நின்றார். பிறகு, தெரியவில்லை மகாராஜா என்றார். முப்பது வருடத்தில் அவர் அந்த வார்த்தையைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

ஓலையைத் திருப்ப முடியாது என்பது அப்போதுதான் எல்லோருக்கும் ஞாபகம் வந்தது. மீறியவன் தலை தங்காது. சபை முழுக்கத் தாண்டவராயரின் கழுத்தைப் பார்த்தது. பூவனாதன்தான் பேசினான். ஓலையில் ஆட்டின் வாய்க்குப் போகலாகாது என்றுதான் இருக்கிறது, இந்தச் சாக்கு வாய்வரை போகவில்லை, ஆகையால் ஓலை மீறப்படவில்லை, ஆனால் மீறவிருந்தது. அப்படி மீறவிருந்ததற்கு என்ன தண்டனை என்று ஓலை சொல்லாததால், உக்கிராணத் தலைவர் ஒரு மாதம் கோனாரிடம் வேலைக்கு இருக்கட்டும் என்றான். அன்றே தாண்டவராயர் கிடையைக் கூட்டினார். கிடாவுக்கு அவரையும் பிடித்துப்போயிற்று என்பதை அது தன் வழியில் தெரிவித்தது.

எல்லாம் முடிந்தும் ராசா போகாமல் நின்றார். அவருக்கு இன்னும் ஒன்று விளங்கவில்லை.

"கோனாரே, அப்படியானால் ஆடு நம் மிச்சத்தைத் தின்கிறதா, நாம் ஆட்டின் மிச்சத்தைத் தின்கிறோமா?"

பூவனாதன் இருளப்பனைப் பார்த்தான். இருளப்பன் தொட்டியைக் காட்டினான். பேச்சு நடந்துகொண்டிருந்த நேரத்தில் ஆடுகள் அதை நக்கித் துடைத்து வைத்திருந்தன.

"ஆடு எதையும் மிச்சம் வைக்கலையே சாமி. உங்க இலையை எடுக்கிறவங்களைக் கேட்டாத்தான் தெரியும்."

அன்று மத்தியானம் ராசா தம் இலையைத் தாமே குனிந்து பார்த்ததாகச் சமையல்காரர் சொன்னார்.

பத்தாம் நாள் சம்பந்தி ராசா வந்தார். கிடையைப் பார்த்தார். ஆடுகள் நன்றாகத்தான் இருந்தன, ஆனால் எண்ணினால் மூன்று குறைந்தது. அவர் நாகரிகம் தெரிந்தவர், அங்கே கேட்கவில்லை. விருந்தில் உட்கார்ந்து, பச்சரிசிச் சோற்றில் நல்லெண்ணெய் விட்டு, பக்கத்தில் உளுந்து வடை வைத்து, முதல் கவளத்தைப் பிசைந்தபடி மெதுவாகக் கேட்டார். சம்பந்தி, மூன்று ஆடுகள் எங்கே?

ராசா பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தார். பத்து நாள் குழம்பியதில் பொய்யை எங்கே தொடங்குவது என்றே அவருக்குத் தெரியவில்லை. உள்ளதைச் சொல்லிவிட்டார்.

"அவற்றுக்கும் இதே விருந்துதான் வைத்தேன் சம்பந்தி. செத்துவிட்டன."

சம்பந்தி ராசாவின் கை கவளத்தோடு அப்படியே நின்றது. கவளத்தைப் பார்த்தார், ராசாவைப் பார்த்தார். கூட வந்திருந்த மாப்பிள்ளையின் கையும் நின்றது. வரிசை முழுக்க ஒவ்வொரு கையாக நின்றுகொண்டே போயிற்று. தான் என்ன சொல்லிவிட்டோம் என்பது ராசாவுக்கு அப்போதுதான் உறைத்தது. பதறிப்போய் வழக்கம்போலப் பூவனாதன் முகத்தைத் தேடினார்.

"தாங்கள் தயங்காமல் உண்ணலாம் மகாராஜா," என்றான் பூவனாதன். "மனிதருக்கு வயிறு ஒன்றுதான். அதனால்தான் நாம் எதைத் தின்றாலும் பிழைத்துக்கொள்கிறோம்."

முதலில் சிரித்தது ராசாதான். சிரிக்கத் தொடங்கி நிறுத்த முடியாமல், புரையேறி, தண்ணீர் குடித்து, மறுபடி சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்துச் சம்பந்தி ராசாவும் கவளத்தை வாயில் போட்டுக்கொண்டார், கொஞ்சம் சின்னக் கவளமாக. ராசா தம் கையிலிருந்த கங்கணத்தைக் கழற்றிப் பூவனாதன் கையில் போட்டார். இருளப்பனுக்கு ஒரு பட்டும், ஆட்டு விஷயத்தில் அவன் சொன்ன பிறகுதான் இனி ஓலையே எழுதுவது என்று ஒரு வாக்கும் கொடுத்தார். அந்த வாக்குக்கு மட்டும் முத்திரை வைக்கவில்லை.

அன்றைக்கு அந்த விருந்தில் ஒருவர் இலையிலும் ஒரு பருக்கை மிஞ்சவில்லையாம்.